பதுளை வீதி வழியே



மட்டக்களப்பிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியிற் செங்கலடிச் சந்தியை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பும் வீதிக்குப் பதுளை வீதி என்று பெயர். அரசாங்கப் பதிவுகளில் அஃது ஏ-5 நெடுஞ்சாலை. பேராதனையிற் புறப்பட்டு நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகா ஓயா ஆகிய ஊர்களைத் தொட்டுச் செங்கலடியில் வந்து முடிகிறது என்று அப்பதிவுகள் கூறும். எங்களூராருக்கோ அது முடியும் இடமன்று, தொடங்கும் இடம். ஆயினும், "பதுளை வீதிக்குப் போகிறேன்" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னால், அவர் பதுளைக்குப் போகிறார் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. கரடியனாற்றிலோ புல்லுமலையிலோ உள்ள தம் வயலைப் பார்க்கப் போகிறார். பொழுது படுமுன் வீடு திரும்பிவிடுவார்.

அவ்வீதியிலுள்ள பாடசாலையொன்றில் நான் பல ஆண்டுகளாக அதிபராயிருக்கிறேன். நாடோறும் அவ்வீதியிற் போகிறேன், வருகிறேன். எனினும் ஐம்பது வயதைக் கடக்கும்வரை அதன் மறுமுனையை நான் கண்டதில்லை. போர்க்காலத்தில், 2007ஆம் ஆண்டுவரை, செங்கலடிக் கறுத்தப் பாலத்துக்கு அப்பால் வேறொரு கட்டுப்பாட்டுப் பிரதேசம். பாலத்தடியிற் சோதனை, அதற்கப்பால் வேறு சோதனை. அவ்வாறிருக்கப் பதுளையை யார் நினைப்பார்? போர் முடிந்த பின்னரோ, போகலாம் என்ற நிலை வந்ததனாலேயே போகாமலிருந்தோம். மனித இயல்பு அது.

போவதென்று முடிவாயிற்று ஒரு பெற்றோல் வரிசையில். 2022ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில், எங்கள் ஆசிரியர்கள் நால்வரும் நானும் இரவிரவாக நிரப்பு நிலையத்து மதிலோரத்திற் குந்தியிருந்தோம். பெற்றோல் தாராளமாய்க் கிடைக்குங் காலம் வந்தால் இவ்வண்டிகளை எங்கே ஓட்டுவது என்று ஒருவர் கேட்டார். இருட்டுக்குள்ளிருந்து மற்றொருவர், "இந்த வீதி முடியுமட்டும்" என்றார். அவ்வாறு சொன்னவர் எங்கள் பாடசாலையிற் கணிதம் கற்பித்த நண்பர். அவர் அவ்வீதி வழியே மலையிலிருந்து ஒருமுறை வந்தவர்; திரும்பிப் போனவரல்லர். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

சொல்லி இரண்டாண்டு கழிந்து, 2024 ஆகஸ்ட் விடுமுறையிற் புறப்பட்டோம். ஆறு மோட்டார் சைக்கிள்கள், ஆட்கள் எண்மர். நண்பர் அவ்வாண்டு முதல்நாளில் இளைப்பாறியிருந்தார். எங்களோடு வந்தவர்களுள் என் பழைய மாணவனொருவன், சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். சாதாரண தரத்திற் கணிதம் சித்தியெய்தாதவன் என்பதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். புறப்படுமுன் அவன் எங்களை வரிசையாக நிறுத்தி விதிகள் சொன்னான். முன்செல்பவனை ஒருவரும் முந்தலாகாது. மெதுவான வண்டி நடுவிற் செல்லவேண்டும். பின்வருபவனைக் கண்ணாடியிற் காணாவிடில் நின்றுவிடவேண்டும். மலையில் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும், பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும். கல்வித் திணைக்களத்துச் சுற்றறிக்கைகள் பலவற்றினும் தெளிவாயிருந்தன அவ்விதிகள்.

யானைப் பயத்தினால் விடியுமுன் புறப்படவில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் கறுத்தப் பாலத்தைக் கடந்தோம். சிறுபோக அறுவடைக் காலமாதலால் உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் வெட்டு இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. வீதியோரத்திற் படங்கு விரித்து நெல்லைக் காயவைத்திருந்தார்கள். வானிலோ பேருந்திலோ செல்பவர் வயலைக் கண்ணால் மட்டும் காண்கிறார். மோட்டார் சைக்கிளிற் செல்பவர்க்கு வைக்கோலின் மணமும், வாய்க்காலைக் கடக்கும்போது முழங்காலில் வந்து படுங் குளிர்ச்சியும், பின் மீண்டும் வெக்கையும் தப்பாமற் கிடைக்கும். நாள் முழுவதும் வழி நடந்த பழைய காலத்து மனிதன் அறிந்திருந்தவற்றுட் சிலவற்றை இவ்வண்டி நமக்குத் திருப்பித் தருகிறது என்று எனக்குத் தோன்றிற்று.

புல்லுமலைக்கப்பால் வயல் ஒழிந்து காடு நெருங்குகிறது. பாலையும் முதிரையும் வீரையும் நின்ற உலர்காடு. சேனைகளின் மூலைகளில் மரக்கொம்பர்களிற் கட்டிய காவற்பரண்கள் தெரிந்தன. முதல்நாள் இரவு யானை போட்ட இலத்தி வீதி நடுவே கிடந்தது. எங்கள் வரிசை தானாகவே நெருங்கிக்கொண்டது. அவ்விடத்தில் ஒருவரும் விதியை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று சில அடி தூரத்திலேயே இருந்தும் ஒவ்வொன்றும் வெவ்வேறு சூடு. அடுத்துப் பதியத்தலாவை. தலாவை என்னுஞ் சிங்களச் சொல்லுக்கு மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிற்கும் புல்வெளி என்று பொருள். ஊரின் பெயரே நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. இங்கிருந்து பிபிலை வரையுமான நிலத்திற் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் தாமே வளர்கின்றன. எங்கள் வைத்தியர்கள் திரிபலை என்று சேர்த்துச் சொல்லும் மூன்றும் ஓரிடத்தே நிற்கக் கண்டபோது, சரக்குக் கடையின் போத்தல்களுக்கு ஓர் ஊர் உண்டென்பது புலனாயிற்று. பிபிலையிலே தோடம்பழம் வாங்கி உண்டோம். பச்சைத் தோல், உள்ளே தேன். நாட்டின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977) இவ்வூர்க் குடும்பத்தவர். மருந்து மரங்கள் நிற்கும் நாட்டுக் குடும்பத்தவரொருவர் மருந்தின் விலையைப் பற்றிச் சிந்தித்தது பொருத்தமே.

பிபிலையை விட்டதும் மலை தொடங்குகிறது. முதலில் றப்பர், பின் மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், வளைவுகள் கூடக் கூடத் தேயிலை. என் வண்டியின் சங்கிலி மூன்றாவது வளைவிற் கழன்றது. பழைய மாணவன் இறங்கி வந்து, "சேர், சங்கிலி தளர்ந்திருக்கென்று போன கிழமையே சொன்னேனே" என்றான். வீட்டு வேலை செய்யாமல் வந்த பிள்ளைகளைப் பார்த்து நான் ஆயிரந் தடவை சொன்ன வசனம் அது. தலை குனிந்து நின்றேன்.

இவ்வளைவுகளிற் பெருமிதத்துக்கு இடமில்லை. 2021 மார்ச் 20ஆந் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பேருந்தொன்று பசறைப் பதின்மூன்றாங் கட்டையிற் பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். மலையிலிருந்து விழுந்த பாறை வீதியை ஒடுக்கியிருந்த இடம் அது. நாங்கள் அவ்விடத்தை மறுநாட் காலையிற் கடந்தபோது, ஒருவர்பின் ஒருவராக, பேச்சின்றிக் கடந்தோம்.

அன்றிரவு லுணுகலையிலே தங்கினோம். இருளுமுன் வீதியோரத்தில் நின்று கிழக்கே பார்த்தோம். நாங்கள் காலையிற் கடந்த தாழ்நிலம் முழுவதும் புகைபோல விரிந்து கிடந்தது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிலே பிறக்கும் கல்லோயா, நம்மவர் பட்டிப்பளை ஆறு என்பது, இங்கினியாகலையிலே மறிக்கப்பட்டுச் சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தைப் பாடப் புத்தகத்தில் வைத்துப் பல ஆண்டு கற்பித்தவன் நான். ஆற்றின் பிறப்பிடம் எங்கே என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தாற் கையை மேற்கே நீட்டியிருப்பேன், அவ்வளவே.

இரவு முழுவதும் காற்று ஓய்ந்தபாடில்லை. கூரைத் தகரம் அடித்துக்கொண்டேயிருந்தது. காலையிலே தேநீர் கொண்டுவந்த வீட்டுக்கார அம்மையாரிடம் இது என்ன காற்று என்று கேட்டேன். "இந்தக் காத்து அடிச்சாத்தான் ஐயா தேயிலைக்கு வாசம்" என்றார்.

நேயர்களே, அக்காற்றை நான் அறிவேன். அது எங்கள் கச்சான். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கேயிருந்து வந்து, வாழையிலையைக் கிழித்து, கிணற்றை வற்றச்செய்து, பிள்ளைகளின் உதட்டை வெடிக்கவைக்கும் கச்சான். மேற்குக் கடலிலிருந்து நீரைச் சுமந்துவரும் காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுங்காலத்து அங்கே மழையாகப் பொழிந்துவிடுகிறது. முகட்டைத் தாண்டி இப்பக்கம் இறங்கும்போது அதனிடத்தில் ஈரமில்லை. ஈரமற்ற காற்று ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஏறத்தாழப் பத்துப் பாகை செல்சியசு சூடேறும். ஆகவே மட்டக்களப்பை அடையும்போது அது நெருப்பாயிருக்கிறது. ஊவா மலைச் சரிவிலோ அக்காற்று இன்னும் அத்துணை சூடேறவில்லை. வறட்சி மட்டுமே உண்டு. அவ்வறட்சியினாற் கொழுந்து மெல்ல வளர்ந்து மணஞ் செறிகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரையிற் பறிக்கும் ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர் பெற்றது இதனாலேயே. ஒரே காற்று, மேலே வாசனை, கீழே வெக்கை. இரண்டையும் ஒரு பயணத்தில் முகத்தில் ஏற்றவனுக்கு இப்பாடம் மறக்காது. புவியியல் ஆசிரியர்கள் எண்மர் கொண்ட வண்டித் தொடர்களாய்ப் பிள்ளைகளை அனுப்ப இயலாது என்பது உண்மையே. ஆயினும் பேருந்திலேனும் அழைத்துச் செல்லலாம்.

இனி, நண்பரின் கதை.

அவர் பசறைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்தவர். பாட்டனார் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட பல இலட்சம் மக்களுள் அவர்களும் அடங்குவர். 1977 ஆகஸ்டில் வன்செயல் மலைநாட்டையும் தொட்டபோது, தந்தையார் குடும்பத்தை இரவோடிரவாக லொறியொன்றில் ஏற்றி, இவ்வீதி வழியே இறக்கிக் கொண்டுவந்து, எங்கள் பக்கத்துக் காட்டோரத்திலே குடிசை போட்டார். பையனை எங்கள் பாடசாலைக்கு அழைத்து வந்தபோது கையில் ஒரு கடதாசியும் இல்லை. பிறப்புச் சான்றும் இல்லை, விடுகைப் பத்திரமும் இல்லை. அந்நாளில் அதிபராயிருந்தவர் பையனின் உயரத்தை ஒருமுறை பார்த்து, பிறந்த திகதி 1964 சனவரி 1 என்று எழுதினார். குறிப்பு என்ற நிரலில், "விடுகைப் பத்திரம் பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்றும் எழுதினார். 1990இல் ஊரே இடம்பெயர்ந்த காலத்தில் எழுதுநரொருவர் சாக்கிற் கட்டிச் சுமந்தமையால் அவ்விடாப்பு தப்பியது. இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது.

தோட்டத்துக்குச் செல்லும் கற்பாதையில் வண்டிகளை உருட்டிக்கொண்டே ஏறினோம். நண்பர் பேசவில்லை. லய வரிசையை அடைந்ததும் நேரே பீலிக்கரைக்குப் போனார். மலையிலிருந்து வரும் நீர் இப்போது குழாயில் விழுகிறது. கைகளை ஏந்திக் குடித்தார். பிறகு மூன்றாவது காம்பராவின் முன் நின்றார். இஸ்தோப்பில் இருந்த பெண்பிள்ளைகள் யாரென்று தெரியாமற் பார்த்தார்கள். அவரை அறிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. சிலர் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியாவுக்குப் போனார்கள், சிலர் வவுனியாவுக்குப் போனார்கள், சிலர் மாண்டார்கள் என்று முதியவரொருவர் விரல் மடக்கிச் சொன்னார். லயத்தின் பின்புறத்து மண்சுவரில் வெடிப்பிருந்தது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் மலை சரிந்து லயங்களை மூடியது நம் யாவர்க்கும் நினைவிருக்கும். நாங்கள் போய்வந்த பின்னரும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இம்மாவட்டத்திற் பல இடங்களில் மண் சரிந்தது. செய்தி கேட்ட அன்றிரவு எனக்கு அந்த வெடிப்பே கண்ணில் நின்றது.

பாடசாலை சற்று மேலே. விடுமுறையாயினும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான விசேட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதிபர் இளைஞர், அத்தோட்டத்திலேயே பிறந்து பட்டம் பெற்றவர். நான் அதிபரென்று அறிந்ததும், "வாங்க சேர், உள்ளே வாங்க" என்று தம் கதிரையைத் துடைத்து எனக்களித்தார். நண்பரின் பெயரையும் ஆண்டையும் கேட்டார். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, தோட்ட நிருவாகம் பாடசாலையை நடத்திய காலத்துச் சேர்வு இடாப்பை எடுத்தார். அட்டை கரையான் அரித்தது. உள்ளே மை மங்கவில்லை.

1973 சனவரிப் பக்கத்திற் பெயர் இருந்தது. தந்தை பெயர், லய இலக்கம், சேர்ந்த திகதி யாவும் இருந்தன. பிறந்த திகதி 1965 யூன் 14.

நண்பர் அவ்வரியில் விரலை வைத்து நெடுநேரம் நின்றார். கணித ஆசிரியரல்லவா, கணக்குப் பார்த்துவிட்டார். "ஓராண்டும் ஐந்தரை மாதமும் முந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உண்மைத் திகதிப்படி இன்னும் பத்து மாதம் அவர் வகுப்பறையில் நிற்கவேண்டியவர். சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆனால் விலகிய திகதி, விலகிய காரணம் என்னும் இரண்டு நிரல்கள் வெறுமையாயிருந்தன. அப்பக்கத்தில் அவ்வாறு வெறுமையாயிருந்தவை பதினொரு வரிகள். நான் எண்ணினேன். முப்பது ஆண்டாக இடாப்பு எழுதியவனுக்கு வெற்று நிரலைக் கண்டால் எண்ணாமலிருக்க முடியாது.

விடுகைப் பத்திரம் ஒன்று தரலாமா என்று நானே கேட்டேன். இளைய அதிபர் சற்றே தயங்கி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசியிற் பேசி இசைவு பெற்றபின், அச்சிட்ட படிவத்தை எடுத்தார். சித்தியெய்திய வகுப்பு: நான்கு. நடத்தை: யார் சான்று கூறுவது? நான் கூறுகிறேன் என்றேன். நன்று என்று எழுதினார். விலகிய திகதியை நண்பரே சொன்னார். மாதமும் நாளும் அவருக்கு நினைவிருந்தன.

விலகிய காரணம் என்ற இடத்திற் பேனா நின்றது. "என்ன எழுதட்டும் சேர்?" என்று இளைஞர் கேட்டார். அறையில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த அறையிற் பிள்ளைகள் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நண்பர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பெற்றோர் இடம்மாறியமை என்று எழுதுங்கள், எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்" என்றார்.

அவர் சொன்னது சரி. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். 1990களில், 2006இல், 2007இல், நூற்றுக்கணக்கான வரிகளில்.

வெளியே வந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. பதுளை அங்கிருந்து இருபது கிலோமீற்றருக்கும் உட்பட்ட தூரம். ஆனால் எங்களுள் இருவருக்கு மறுநாட் கடமை. இருட்டில் யானைக்காட்டைக் கடக்கவும் இயலாது. ஆகவே வண்டிகளைக் கிழக்கே திருப்பினோம். பதுளை வீதியாரான நாங்கள் இம்முறையும் பதுளையைக் காணவில்லை. நண்பர் பத்திரத்தைப் பொலித்தீன் உறையிலிட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வழி நெடுகிலும் வரிசையின் கடைசியிலே வந்தார். ஏறிய கியரிலேயே இறங்கினோம். கச்சான் முதுகிலே தள்ளிக்கொண்டு வந்தது. மகா ஓயா தாண்டியதும் அது சூடாயிற்று.

பாடசாலை மீண்டும் தொடங்கிய நாளன்று காலையில் நண்பர் வந்து பத்திரத்தின் நிழற்பிரதியொன்றை என் மேசையில் வைத்தார். மற்றொரு பிரதியைத் தம் தாயாரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் அலுமாரியைத் திறந்து 1977ஆம் ஆண்டு இடாப்பை எடுத்து, பழைய அதிபரின் குறிப்புக்குக் கீழே, "பெறப்பட்டது" என்று எழுதித் திகதியிட்டேன்.